என் தங்கை விதவையான கிறிஸ்துமஸ்

1

நவம்பர் பிறந்தால் எங்கள் தெருமுனைத் தேவாலயத்துக்கு இரக்கம் பிடித்துக்கொள்ளும். மற்ற மாதங்களில் அது சாதுவான கட்டடம். ஞாயிறு காலையில் இருபது முப்பது வயசாளிகள் வந்து பாடிவிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டுப் போவார்கள். நவம்பரில் மட்டும் வாசல் மண்டபம் முழுக்க காலணி வாங்கினால் வருகிற வெற்றுச் சப்பாத்துப் பெட்டிகள் முளைக்கும். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாம். நாம் பெட்டியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பொம்மை, ஒரு பல்துலக்கி, பென்சில், கம்பளித் தொப்பி, கம்பளிக் கையுறை. எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிற சின்னப் புத்தகத்தை மட்டும் அவர்களே வைப்பார்கள். அந்த ஒரு சாமானில் நமக்குத் தெரிவு கிடையாது.

நான் மெல்பேர்னுக்கு வந்து பதினாறு வருடம். மாத்தளையில் ரத்தோட்டைப் பாதையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. சைவக் குடும்பம். ஆனாலும் மூன்று வருடமாக நானும் பெட்டி நிரப்புகிறேன். அதற்குக் காரணம் பக்தியும் இல்லை, இரக்கமும் இல்லை. என் மகள் மீராவுக்குப் பதினைந்து வயது. சமூக சேவை செய்த மணித்தியாலங்களைப் பாடசாலையில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கோயிலில் செய்யலாமே என்று கேட்டேன். கோயில் முப்பது கிலோமீற்றர், தேவாலயம் முன்னூறு மீற்றர் என்றாள். கணக்கில் அவள் கெட்டிக்காரி.

பெட்டி வேலைக்குப் பொறுப்பானவர் மார்கரெட் என்ற அம்மா. நல்ல மனுஷி. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் கெட்டவர் என்று விரல் நீட்ட ஒருவர்கூட இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலே. இரண்டு வருடத்துக்கு முன் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் ஊரில் கஷ்டப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

வெளிநாட்டுக்கு வந்த நம்மவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊர்ப் பெருமையைத் தமிழரிடம் பேசுவோம். ஊர்க் கஷ்டத்தை வெள்ளைக்காரரிடம் பேசுவோம். இரண்டிலும் நமக்குக் கொஞ்சம் மதிப்புக் கூடும். நான் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டியும் கொடுத்தேன். ஒற்றை அறை லயம், ஒழுகுகிற தகரம், மழையில் வழுக்குகிற பாதை என்று விவரித்தேன். மார்கரெட் மாத்தளையை "மட்டேல், மட்டேல்" என்று சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதினார். அவருக்குக் கண் கலங்கிற்று. அவரைப் பார்த்து எனக்கும் கலங்கிற்று. அந்த நேரம் என் வாயில் ஒரு பிஸ்கட் துண்டு இருந்திருந்தால் நான் இதையெல்லாம் எழுத வேண்டி வந்திருக்காது.

2

இந்த நவம்பரின் முதல் சனிக்கிழமை மீராவைக் கூட்டிவரப் போனேன். தேவாலய வாசலில் கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்ட அறிவிப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் புதிய துண்டுப்பிரசுரத்தை விரித்து ஒட்டியிருந்தார்கள். மடியில் சப்பாத்துப் பெட்டியுடன் ஒரு சிறுமி. அவள் தோளில் கை வைத்தபடி பின்னால் ஒரு பெண். இரண்டு நெற்றியும் வெறுமை.

யாரோ நம் ஊர்ப் பெண் மாதிரி இருக்கிறதே என்று நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என் தங்கை கலா என்று பிடிபட்டது. கூடப் பிறந்தவளைத் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கலாவைப் பொட்டில்லாமல் நான் பார்த்ததே இல்லை. அவள் காய்ச்சலில் படுத்தால்கூட முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் மறுபடி படுப்பாள். மடியில் பெட்டியோடு இருந்தது அவளுடைய மகள் திவ்யா.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தது. நான் தமிழில் தருகிறேன். "இவள் திவ்யா, எட்டு வயது. தந்தையை இழந்தவள். இலங்கையின் மலைகளில் விதவைத் தாயுடன் ஒற்றை அறையில் வாழ்கிறாள். உங்கள் பெட்டி வந்து சேரும்வரை கிறிஸ்துமஸ் என்ற சொல்லையே அவள் கேட்டதில்லை."

ஒற்றை அறை உண்மை. அதை நானே சொல்லிக் கொடுத்தேன். மற்றதைப் பார்ப்போம். திவ்யாவின் தந்தை ஜெயபால் நாவுலயிலிருந்து மாத்தளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அன்றைக்குக் காலையில்தான் வாட்ஸ்அப்பில் எனக்குக் குரல் அனுப்பியிருந்தார், கத்தரிக்காய் விலை போகவில்லை என்று. செத்தவர்கள் கத்தரிக்காய்க்காகக் கவலைப்படுவார்களா என்பதைத் தேவாலயம்தான் சொல்ல வேண்டும். அடுத்தது கிறிஸ்துமஸ் என்ற சொல். டிசம்பர் வந்தால் மாத்தளை டவுனில் புடவைக்கடைப் பொடியன்கள் எல்லாரும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுவார்கள். எங்கள் மாவட்டத்து வஹகோட்டையில் கிழவர் கிழவி தொடங்கி எல்லாரும் பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கர். அங்கேயுள்ள கோயில் திருநாளுக்கு நாங்கள் சின்ன வயதிலிருந்தே போய் மெழுகுவர்த்தி கொளுத்தியிருக்கிறோம். திருநீறோடும் பொட்டோடும்தான் போனோம். அதைத் துடைத்துவிட்டு வா என்று அங்கே ஒருவரும் எங்களிடம் சொன்னது கிடையாது. சாமி வேண்டாமென்றால் சாமியே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிற மனிதர்கள் அவர்கள்.

மீரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இது யார்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்ரீலங்காப் பிள்ளை. நான்தான் அம்மா இதையெல்லாம் மடிச்சனான். ஒரு கட்டு முழுக்க மடிச்சனான்."

எங்கள் வீட்டில் 'மடிச்சேன்' என்போம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாழ்ப்பாணத்து ஆசிரியை 'மடிச்சனான்' என்று திருத்திக் கொடுத்திருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை, ஏதோ தமிழ் என்ற மட்டில் சந்தோஷம்தான். ஆனால் பெற்ற தாயின் கூடப் பிறந்தவளை ஒரு கட்டு முழுக்க மடித்துவிட்டு, யாரோ ஒரு பிள்ளை என்கிறாளே. இவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் ஏழு வருடமாகிறது. பிழை யாருடையது என்று கேட்காதீர்கள். எனக்குப் பதில் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். அங்கேயே நின்று படம் எடுத்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இந்தக் கூத்தைப் பாருங்க, ஜெயபால் தம்பியைச் சாகடிச்சிட்டாங்க" என்று எழுதினேன். சிரிக்கிற முகமும் ரெண்டு போட்டேன். எல்லாரும் என்னோடு சேர்ந்து தேவாலயத்தைத் திட்டுவார்கள் என்று வீடு வரும்வரை ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லை.

சோறு வடிக்கிற நேரத்தில் கலா ஃபோனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஏன் அக்கா குருப்புல போட்டீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். வைத்துவிட்டாள்.

3

இரண்டு நாள் கழித்துக் கலா மறுபடி கூப்பிட்டுச் சொன்னபோதுதான் விஷயம் எனக்கு முழுதாகத் தெரிந்தது. தெரிந்தபோது என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

போன வருடம் டிசம்பரில், நல்ல அடைமழை நாளில், மார்கரெட்டின் பெட்டிகள் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. கொழும்பிலிருந்து வான் பிடித்து ஒரு குழு வந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில்தான் கூட்டம். பாட்டு, ஜெபம், பொம்மலாட்டம். இயேசு பிறந்த கதையில் ஆட்டிடையனாக வந்த பொம்மைக்குத் தலை கழன்று விழுந்ததைத் திவ்யா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாளாம்.

பெட்டி கொடுப்பதற்கு முன் ஒரு சகோதரி ஒலிபெருக்கியைப் பிடித்தாராம். "அம்மாமார் எல்லாரும் தயவுசெஞ்சு பொட்டைத் துடைச்சிட்டு வாங்க. படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பணும். இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே." ஒரு நாளைக்குத்தானே என்று கேட்டால் நம் சனம் எதைத்தான் கொடுக்காது. துடைத்தவர்கள் துடைத்தார்கள்.

அங்கேதான் கூத்து. பெட்டிகள் எல்லாருக்கும் போதாது என்று தெரிந்திருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்போம் என்று முடிவெடுத்து, பெயர் எழுத இன்னொரு பெண்ணை மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் பிந்தி வந்தவள். ஒலிபெருக்கி சொன்னது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் தமிழ்ப் பிள்ளை. வெறும் நெற்றியோடு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வருகிறவளிடம், உன் புருஷன் இருக்கிறானா என்று கேட்கிறது நம்மிடம் மரியாதை இல்லையே. அவள் மரியாதையாகக் கேட்காமலே விட்டாள். மரியாதையாக ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் விதவை என்று எழுதினாள். ஒரு பகல் பொழுதில் எங்கள் தோட்டத்தில் பாதிப் பெண்கள் தாலியறுத்துவிட்டார்கள். செத்துப்போன புருஷன்மார் எல்லாரும் வெளியே வேலியோரம் குடை பிடித்துக்கொண்டு, பெஞ்சாதி எப்போது வருவாள் என்று நின்றிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனால் இந்தப் பிழை விட முடியாது. அவனுக்கு நெற்றியைப் படிக்கத் தெரியாது. இதற்கு நம் ஆள்தான் வேண்டும்.

கலாவின் முறை வந்தபோது பெட்டி கிடைத்தது. திவ்யாவுக்கு ஒரு கரடிப் பொம்மை, இரண்டு பென்சில், கையுறை, தொப்பி. புத்தகத்தின் தமிழ் மெஷினில் அரைத்து எடுத்த மாதிரி இருந்ததாம். கம்பளித் தொப்பி இப்போது ஜெயபாலின் தேத்தண்ணிப் போத்தலுக்கு உறை. சூடு நன்றாக நிற்கிறதாம். நானே இங்கே வாங்கிப் போட்டிருக்கக்கூடிய தொப்பிதான்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பெப்ரவரியில் நாலந்தா வளைவில் ஜெயபாலின் லொறி புரண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கால் முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. இன்றைக்கும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் கலாவுக்கு அந்தப் பொட்டு நினைவாகவே இருந்திருக்கிறது. புருஷன் உயிரோடிருக்கப் பொட்டில்லாமல் நின்றேனே என்று. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் நான்தான். என்னிடமும் சொல்லவில்லை.

அதைத்தான் நான் சிரிக்கிற முகம் இரண்டு போட்டுக் குடும்பத்துக்கே காட்டினேன்.

ஜெயபாலின் தாய் அவர்களோடுதான் இருக்கிறார். கலா அவரை மாமி என்று கூப்பிடுவாள். ஒரே மகனைப் பெற்ற மனுஷி, சொன்னால் சொன்னதுதான். திவ்யா படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, கீழே இருந்ததைத் தன் பாடசாலை இங்கிலீஷில் வாசித்தும் காட்டிவிட்டாள். மாமி எழும்பி மூலையில் போய் உட்கார்ந்தாராம்.

"என் மகன் செத்தவன்னு அந்தக் காகிதத்துல இருக்கிற வரைக்கும், இந்த வீட்டுல இவ கையால நான் பச்சத் தண்ணி வாங்க மாட்டேன்."

வாங்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணி, பக்கத்துக் காம்பராவில் சோறு. லயத்தில் ஒரு வீட்டு மாமியார் அடுத்த வீட்டில் கை நனைத்தால் அது பேர் கூப்பிடுகிற மாலைப் பிரட்டுக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். கலா தண்ணீர்ப் பீலிக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

4

ஆக, மெல்பேர்னில் உள்ள ஒரு காகிதத்தில் ஜெயபாலை உயிரோடு எழுப்பினால்தான் மாத்தளையில் என் தங்கை தலை நிமிரலாம். வேலை என்னுடையது என்று இறங்கினேன்.

மார்கரெட்டிடம் போனேன். அவர் வாயில் கை வைத்து, "ஓ, உயிரோடு இருக்கிறாரா? எவ்வளவு நல்ல செய்தி" என்றார். பிரசுரம் இங்கே அச்சடித்ததல்ல, சிட்னியில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். அறிவிப்புப் பெட்டியிலிருந்தாவது கழற்றுங்கள் என்றேன். சாவி போதகரிடம், போதகர் விடுமுறையில். கடவுள் எல்லா இடத்திலும் இருக்கிறார், அவருடைய சாவி ஓரிடத்தில்தான் இருக்கிறது.

அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் அழகாக வந்தது. எங்கள் கதைகள் எல்லாம் களத்தில் சரிபார்க்கப்பட்டவை. தாயின் கையொப்பமும் எங்களிடம் இருக்கிறது. குடும்ப நிலையில் மாற்றம் ஏற்பட்டிருந்தால் பெற்றோர் தகுந்த அத்தாட்சியுடன் அறியத்தரலாம். மாற்றம் என்ற சொல்லை நான் மூன்று தடவை வாசித்தேன். இறந்தவர் இறக்காதவராவது அவர்களுக்கு விலாச மாற்றம் மாதிரி.

ஜெயபாலுக்கு எடுத்தேன். திட்டுவார் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். அவர் திட்டவில்லை.

"அக்கா, கலா மேல ஒண்ணும் இல்ல. நான்தான் அழிச்சேன்."

"எதை?"

"பொட்டை. அவ மாட்டேன்னு நின்னா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா. திவ்யா பெட்டி வேணும்னு அழுவுது. நான் குடையை அவகிட்ட குடுத்துட்டு, பெருவிரல்ல மழைத் தண்ணியைத் தொட்டு அழிச்சி விட்டேன். போ, ஒண்ணும் ஆவாதுன்னேன்."

தாலி கட்டிய கையால் பொட்டை அழித்தவர் என்று கதைகளில்கூட நான் கேட்டதில்லை. ஒரு கரடிப் பொம்மைக்காக. நான் இங்கே தள்ளுபடி விற்பனையில் பொறுக்கிப் போட்ட ஏதோ ஒரு கரடிக்காக.

"அம்மாகிட்ட இதைச் சொல்லலாமே தம்பி."

"சொன்னேன். பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பொய் சொல்றேன்றாங்க. நீங்க அந்தக் காகிதத்தை மாத்துங்க அக்கா. அது போதும்."

அத்தாட்சி தேடி அவர் கிராம சேவகரிடம் நொண்டிக்கொண்டு போன கதையை அவரே பிறகு சொன்னார். அந்த மாத்தயா தலையை நிமிர்த்தி, "மொகட்டத?" என்றாராம், சிங்களத்தில் எதுக்கு என்று. நான் உயிரோடிருக்கிறேன் என்று ஒரு கடிதம் வேண்டும், சேர். ஓய்வூதியக்காரருக்குத்தான் அந்தக் கடிதம் கொடுக்கலாம். நீ ஓய்வூதியக்காரனா? இல்லை சேர். அப்படியென்றால் நீ உயிரோடிருப்பது அரசாங்கத்துக்குத் தேவையில்லை. மூன்றாம் தரம் போனபோது, படத்தையும் காட்டி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கிராம சேவகர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இவரை எனக்குத் தனிப்படத் தெரியும், இன்றைய தினம் என் முன்னே நிற்கிறார் என்று சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

சிட்னிக்குச் சிங்களம் தெரியாது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்தோடு ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். மாத்தளை டவுனில் ஒரு ஹாஜியார் அந்த வேலை செய்கிறார். கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாராம்.

"மவுத்தானவங்களுக்குப் பேப்பர் கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க தம்பி. உசிரோட இருக்கேன்னு பேப்பர் கேட்டு நீங்கதான் மொதல்ல வந்திருக்கீங்க."

அவர் தமிழர், சிங்களவர், வெள்ளைக்காரர் எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு குடும்பப் படமும் அனுப்பச் சொன்னேன். லயத்து வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். ஜெயபால் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். திவ்யாவுக்குச் சாந்துப் பொட்டு. கலா வைத்திருந்த சிவப்புப் பொட்டு பாதையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும். மாமி படத்துக்கு வரவில்லை. காகிதம் வரட்டும் என்றுவிட்டார்.

எல்லாவற்றையும் நான் சிட்னிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

5

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிய வேண்டாம்.

நானும் பொட்டு வைப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்துக்கொண்டுதான் போனேன். ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிழவி, பாவம், ஜாம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து என் தலையைப் பிடித்துக் காகிதத் துவாலையால் அழுத்தித் துடைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் வைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் வைக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒருத்தரும் சொல்லவில்லை, பெட்டியும் தரவில்லை. கலா வருடத்துக்கொரு தரம் அனுப்புகிற பார்சலில் மாசிக் கருவாட்டுத் தூளோடு ஒட்டுப் பொட்டு அட்டைகளும் வரும். மாசி முடிந்துவிடும். அட்டைகள் மேசை லாச்சியில் பிரிக்காமலே கிடக்கின்றன.

6

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மார்கரெட் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவர் முகம் அதைவிட. என்னைக் கட்டிப்பிடித்தார். "வந்துவிட்டது. வந்து பார்" என்றார். மீராவும் நானும் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போனோம்.

அறிவிப்புப் பெட்டியில் புதிய பிரசுரம். போதகர் வந்து ஒட்டிவிட்டு, பூட்டிக்கொண்டு, மறுபடி கடற்கரைக்குப் போய்விட்டாராம். லயத்து வாசலில் மூன்று பேரும் நிற்கிறார்கள். ஜெயபால் இருக்கிறார். கீழே எழுதியிருந்தது இது: "சென்ற கிறிஸ்துமஸில் திவ்யாவுக்குத் தந்தை இல்லை. இந்தக் கிறிஸ்துமஸில் இருக்கிறார். உங்கள் ஜெபங்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறது."

நான் இரண்டாம் தரமும் வாசித்தேன். பிழை விட்டோம் என்று ஒரு சொல் இல்லை. தாங்களே சாகடித்தார்கள், தாங்களே எழுப்பினார்கள், நன்றி மட்டும் கடவுளுக்கு. கிராம சேவகரும் ஹாஜியாரும் செய்த வேலை அதில் எங்கே போனது என்று தெரியவில்லை. முதல் முறையாக எனக்கு அந்த அலுவலகத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. இவ்வளவு துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் நான் இன்னமும் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, எப்படியாவது ஆள் உயிரோடிருக்கிறார், மாமிக்கு அது போதும் என்று ஃபோனை எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். கலாவின் நெற்றி வெறுமை. திவ்யாவின் நெற்றி வெறுமை. ஜெயபாலின் திருநீற்றைக்கூட விடவில்லை. மூன்று முகமும் பளிங்கு மாதிரி.

"பொட்டு எங்கே?" என்று மார்கரெட்டைக் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"ஓ, அதுவா. அச்சுக்குப் போகும்முன் முகத்திலுள்ள கறைகளை எடுத்துவிடுவார்கள். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான்" என்றார்.

புருஷனைப் பக்கத்தில் நிறுத்திவைத்தே பொட்டை அழித்திருக்கிறார்கள். இதை மாமிக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சிட்னிக்கு இன்னொரு கடிதம் எழுதினால் அடுத்த ஈஸ்டருக்குப் பதில் வரும். அதுவரை கலா எத்தனை நாளைக்குப் பீலிக்குப் போகாமல் இருப்பாள்?

"மீரா, ஓடிப்போய் என்ட லாச்சியில..." என்று ஆரம்பித்தேன். இந்த நாட்டில் எனக்கே தமிழ் குழம்பிப் போகிறது. "என் லாச்சியில பொட்டு அட்டை இருக்கு. சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு எடுத்துட்டு வா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதிசயம்தான். ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

பூட்டிய கண்ணாடிக்கு மேலே ஒட்டுவது லேசான வேலையில்லை. படம் உள்ளே, பொட்டு வெளியே. நேரே நின்று பார்த்தால் நெற்றியில் இருக்கும். கொஞ்சம் நகர்ந்தால் காதுக்குப் போய்விடும். முதல் பொட்டு கலாவின் மூக்கில் போய் உட்கார்ந்தது. மீரா பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் மேல, அம்மா. கொஞ்சம் இடப்பக்கம். ஆ, சித்திக்குச் சரி. இப்ப திவ்யாவுக்கு."

சித்தி என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திருநீற்றுக்கு வழியில்லை, ஜெயபால் மன்னிப்பார். மார்கரெட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அழகாக இருக்கிறது" என்றார். அவர் மனதார அப்படிச் சொல்லக்கூடியவர்தான். நான் ஃபோனை நேரே பிடித்துப் படம் எடுத்தேன். இந்த முறை குழுவில் போடவில்லை. கலாவுக்கு மட்டும் அனுப்பினேன். சிரிக்கிற முகம் ஒன்றும் போடவில்லை.

மறுநாள் பகல் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கலா எடுத்தாள்.

"மாமி படத்தை விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பார்த்தாங்க அக்கா. மவன் இருக்கான்னாங்க. பொட்டும் இருக்குன்னாங்க. பொறகு தண்ணி கேட்டாங்க. என்னத்தான் கேட்டாங்க. குடுத்தேன், குடிச்சாங்க."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. ஆறு வாரமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அந்தப் பிரசுரம் பொய், பொட்டு கண்ணாடியில், ஆனாலும் அந்தத் தண்ணீர் உண்மை.

"அப்ப சரி. வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

கலா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இல்ல, இன்னொண்ணும் கேட்டாங்க. அந்தக் கண்ணாடியில நீங்க ஃபோனைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது தெரியுது அக்கா. அதையும் பெருசாக்கிப் பார்த்தாங்க. உங்க அக்கா நெத்தி ஏன் வெறுமையா இருக்கு, அவ புருஷன் நல்லாத்தானே இருக்கான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்காருன்னு சொன்னேன். சரிதானே அக்கா?"

நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். சில்லு ஒன்று மாட்டிக்கொள்ள, அதை உதைத்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

"ஆமா, நல்லாத்தான் இருக்கார்" என்றேன்.